வெதர் பெர்மிட்டிங்

அந்தக் கல்யாணப் பத்திரிகை சந்தன நிறம். மேலே தங்க நிறத்தில் பிள்ளையார், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ். நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவிக் காய வைத்திருந்தாள். ஈரம் காயாத மஞ்சள் வாசனையோடு அதைக் கையில் எடுத்துப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் அக்காவின் பெயர் இங்கிலீஷில் அச்சானது அதுதான் முதல் தடவை. அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டுவிட்டுக் கீழே வந்தேன். மற்ற எழுத்தெல்லாம் நேராக நிற்க, கடைசியில் தனியாக, சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘வெதர் பெர்மிட்டிங்.’ மழை வெயில் இடம் கொடுத்தால் என்று அதற்கு அர்த்தம். மழை வெயில் இடம் கொடுத்தால் என் அக்காவுக்குக் கல்யாணம் நடக்கும், இல்லையென்றால் இல்லை. அதை எழுதியவர் என் அம்மாவின் அண்ணன். பெரிய மாமா என்று கூப்பிடுவோம். அவர் செத்துப் போய்ச் சில வருஷம் ஆகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

பெரிய மாமா சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலம் ஆகியும் அந்தக் கம்பெனியில் அவர்கள் வைத்த பெயரும் அவர்கள் வளர்த்த புல்தரையும் மிச்சம் இருந்ததாம். டைப் அடிப்பது, கடிதம் எழுதுவது, பெரிய அதிகாரிகள் வைக்கும் விருந்துக்கு அழைப்பு எழுதுவது அவர் வேலை. எண்பத்தொன்பதில் கம்பெனியை மூடியதும் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்து, ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனையில் வீடு கட்டினார். பக்கத்தில் காலியாகக் கிடந்த மனையை அவர் ‘லான்’ என்பார். அங்கே முள்ளும் நெருஞ்சியும் இருந்தன. புல் இருந்து நான் பார்த்ததில்லை. யார் வீட்டு ஆடோ எப்போதும் நின்றுகொண்டிருக்கும். ஆடு மேய்கிறதே, அப்படியென்றால் அது புல்தரைதானே என்று நம்மிடமே திருப்பிக் கேட்கக்கூடிய ஆள் அவர்.

அப்பாவுக்குத் தேரடித் தெருவில் பாத்திரக் கடை. சாயங்காலமானால் பெரிய மாமா கடைக்கு வந்து, வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்ததும் வானத்தைப் பற்றி இங்கிலீஷில் ஏதாவது சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் வானத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். ‘இன்னிக்கு ஜாஸ்தி’, ‘இன்னிக்குக் கொஞ்சம் கம்மி’, இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஊர் முழு வருஷத்தையும் ஓட்டிவிடும். அவருக்கு மட்டும் ஒரு நாள் ஸல்ட்ரி, ஒரு நாள் ஸ்கார்ச்சிங். ஐப்பசியில் நன்றாகப் பெய்தால் கேட்ஸ் அண்ட் டாக்ஸ். “மழையில பூனையும் நாயும் எதுக்கு மச்சான் வருது?” என்று அப்பா ஒரு தரம் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். அதைப் பெரிய மாமா கடைசிவரை விடவில்லை. காதுகுத்தோ எழவு வீடோ, எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் “எங்க மச்சான் ஒரு தடவை கேட்டாரு பாருங்க” என்று ஆரம்பித்துவிடுவார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வாயில் எல்லாவற்றையும்விட அதிகம் புழங்கியது வெதர் பெர்மிட்டிங்தான். “நாளைக்குக் கண்டிப்பா வர்றேன், வெதர் பெர்மிட்டிங்.” “காலேஜ்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு, சொல்லி சீட் வாங்கித் தர்றேன், வெதர் பெர்மிட்டிங்.” பங்குனி மாதத்தில், வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லாத நாளில் இதைச் சொல்வார். அவர் வருவதாகச் சொல்லி வராமல் போன நாட்களில் ஒன்றிலும் மழை பெய்ததில்லை. கேட்டால், “அதான் அன்னிக்கே சொன்னேனே” என்பார். துரைமார்கள் புல்தரையில் விருந்து வைக்கும்போது அழைப்பின் அடியில் அந்த வரியைப் போடுவார்களாம். மழை வந்துவிட்டால் விருந்து கிடையாது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்குப் பொருளாம். அது ஒரு நாகரிகமாம். எப்போது பார்த்தாலும் மழை பெய்துகொண்டிருக்கும் தேசத்தில் அது நாகரிகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் பக்கத்தில் ஏரியும் கிணறும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்தவன் வானத்தையே அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோவோடு படுக்கப் போகிறான். எங்களுக்கு மழையால் நின்றுபோகிற நல்ல காரியம் என்று ஒன்று கிடையாது. மழை வந்தால்தான் நல்ல காரியமே நடக்கும்.

எனக்கும் அக்காவுக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. எதற்கெடுத்தாலும் ‘அண்ணாமலையார் புண்ணியத்துல’ என்று சொல்லிப் பழகிய மனிதர் அவர். பெரிய மாமா சொல்வதும் அப்படி ஏதோ சாமி பெயரைச் சொல்கிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை, அது அவரை இன்னொரு தரம் சிரிப்புக்கு ஆளாக்கும் என்று விட்டுவிட்டோம்.

அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். மின்சார ஆபீசில் வேலை. அவருடைய அப்பா நெல்லும் மல்லாட்டையும் போடுகிற விவசாயி. அக்காவுக்குப் பச்சரிசியை வாயில் அள்ளிப் போட்டுத் தின்கிற பழக்கம் உண்டு. அப்படித் தின்கிற பெண்ணின் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். “தின்னட்டும்மா, நல்லா தின்னட்டும். கொட்டட்டும். எங்க ஏரி ரொம்பட்டும்” என்று அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அந்தச் சம்பந்தம் எங்களுக்குப் பிடித்துப்போனது. நிச்சயம் முடிந்த பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை எங்கள் கடைக்கு வந்து ஒரே ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் டம்ளர் இல்லாமலா? விஷயம் தெரிந்து அக்கா அன்றைக்கு முழுவதும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பின்பும் நெடுநாள் பார்க்கவில்லை.

கார்த்திகையில் தீபத்துக்கு ஊரே நிரம்பி வழியும், மண்டபம் எதுவும் கிடைக்காது. அதனால் ஐப்பசியில் நாள் குறித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பைத் தன்னுடைய ‘லான்’ மீது வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மாமா சொன்னார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை, அதைத் தானே எழுதுவது என்றும் அவரே முடிவு செய்தார். எழுதியதை எங்களிடம் காட்டவில்லை. நேராக அச்சகத்துக்குக் கொடுத்து, கட்டுக்கட்டாக அடித்துக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார். அக்கா ஒரு பத்திரிகையை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். அவள் முகம் மாறியது.

“மாமா, கல்யாணப் பத்திரிகையில இப்படிப் போடுவாங்களா?”

“எப்படி?”

“மழ வந்தா இல்லன்ற மாதிரி.”

“மழ வந்தா இல்லன்னு எங்கடி இருக்குது? வெதர் பெர்மிட்டிங்னு இருக்குது. பி.காம் படிச்சா மட்டும் இதெல்லாம் வந்துடாது. பெரிய பெரிய துரைங்க வீட்டு பார்ட்டிக்கெல்லாம் எழுதுன கை இது.”

“அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடலாம் மாமா.”

அப்பா குறுக்கே வந்தார். “விடும்மா. மாமாவுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?” அக்கா பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மேல் எனக்கு உள்ள கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு சரி. அவர் பாவம், நல்ல வார்த்தை என்று நினைத்திருந்தார். பெரிய மாமா அப்படி இல்லை. அவருக்கு அர்த்தம் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கீழ்பென்னாத்தூருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கிற ஒரு அம்மன். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பத்திரிகையைப் பெண்ணின் தாய்மாமன் அந்தக் கோயிலுக்கு எடுத்துப்போய், அம்மன் எதிரில் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். அங்கே படித்துவிட்டால் அது வாக்கு. பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் போனோம். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, “படிங்க சாமி” என்றார். தமிழ்ப் பக்கத்தைப் படிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெரிய மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷ் பக்கத்தைப் படித்தார். மல்லாட்டைக் கொல்லையின் நடுவில் காலம் காலமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மனுக்கு அன்றைக்கு இங்கிலீஷ் கேட்க நேர்ந்தது. கடைசி வரி வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, குரலை ஏற்றி, வெதர் பெர்மிட்டிங் என்று முடித்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணனின் படிப்பை நினைத்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அக்கா புருஷன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்குக் கோயிலுக்கு அவர் வரவில்லை. மறுநாள் பத்திரிகை அவர் கைக்குப் போயிருக்கிறது. அவர் அந்தக் கடைசி வரியைத் தமிழில் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பா பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. பெரிய மாமாவை வரச் சொல்லி, வந்ததும் அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இதுக்கு இன்னாங்க அர்த்தம்?” என்று மட்டும் கேட்டார். பெரிய மாமா புல்தரையில் ஆரம்பித்து, துரைகளின் விருந்து, குடை, கோட்டு என்று நீளமாக விளக்கினார்.

“நாங்க மழைக்கு ஏங்கிக் கெடக்கறவங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “மழ பெய்ஞ்சா எம் புள்ளைக்குக் கல்யாணம் இல்லன்னு எங்க ஆத்தாகிட்டயே படிச்சிட்டு வந்திருக்கீங்க. தெரியாம நாங்களும் கும்புட்டுட்டு வந்திருக்கறோம். வேற ஒண்ணும் வேணாங்க. வர்ற வெள்ளிக்கெழம அந்த வரி இல்லாம ஒரு பத்திரிகை எடுத்துக்கினு வாங்க. படிச்ச வாயாலயே மாத்திப் படிச்சிட்டு ஒரு தேங்கா ஒடச்சிடுங்க. போதும்.”

“தப்பு இருந்தா காட்டுங்க” என்றார் பெரிய மாமா. “எந்த டிக்‌ஷனரிய வேணா எடுத்துக்கினு வாங்க.”

“தப்புன்னு நாங்க சொல்லலீங்களே. வேணாம்ன்றோம். அவ்ளோதான்.”

“கரெக்டா எழுதுனத நான் எதுக்கு மாத்திப் படிக்கணும்?”

மாப்பிள்ளையின் அப்பா கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் என்று பாருங்கள். பணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஒரு பஸ் பிடித்துப் போய், ஒரு காகிதத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு வர வேண்டும். அந்தப் பக்கத்தில் என் அக்காவின் வாழ்க்கை இருந்தது. இந்தப் பக்கத்தில் பெரிய மாமாவின் இங்கிலீஷ் இருந்தது. அந்த மனிதர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து இங்கிலீஷைக் கையில் எடுத்துக்கொண்டார். இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சூடாகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் வைத்தே காலில் விழுந்தாள். கூடப் பிறந்தவளைத் தூக்கிவிட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “சரி சரி, எழுந்திரு. வெள்ளிக்கெழம வர்றேன்” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து, “வெதர் பெர்மிட்டிங்” என்று ஒரு குரல் வந்தது. அது பழக்க தோஷம் என்று அம்மா வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது மலை உச்சி மேகத்தில் மறைந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படி மறைந்தால் மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் முன்னாடியே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டோம். அக்கா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். புதிதாக அடித்த பத்திரிகை தட்டில் இருந்தது, தேங்காய் இருந்தது, பூ இருந்தது. பெரிய மாமா மட்டும் இல்லை. தூற ஆரம்பித்தது. பெரிய மழையில்லை, தலையில் துணி போடக்கூடத் தோன்றாத தூறல். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அப்பா ரோட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நடை சாத்துகிற நேரம் நெருங்கியபோது டவுனிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குச் சவாரி வந்த ஒரு ஆட்டோக்காரர் வயல் வரப்பில் இறங்கி வந்தார். “பெரியவரு சொல்லிவுட்டாருங்க. மழையா இருக்குதாம். வர்லியாம்.”

பூசாரி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நடையைச் சாத்தினார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அவரு மொதல்லயே எழுதியே குடுத்துட்டாரும்மா. நாங்கதான் புரிஞ்சிக்கல” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நிற்கவில்லை. மாப்பிள்ளை அக்காவை ஒரு தடவை பார்த்தார். ஏதாவது பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பி, தன் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டம்ளர் வாங்க வரத் தெரிந்த ஆளுக்கு அங்கே வாயைத் திறக்கத் தெரியவில்லை. அவர் மேலும் எனக்கு மரியாதை கிடையாது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அக்கா உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். நாலைந்து துளிதான் விழுந்தது. அதை என்னிடம் காட்டினாள்.

“இதுக்காடி?” என்றாள்.

பத்திரிகை கொடுத்து நின்றுபோன கல்யாணம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைக்குப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, “பொண்ணு மேல ஏதாச்சும்...” என்று இழுப்பார்கள். அப்பா கணக்கு பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார். பெரிய மாமா ஊருக்குள் வேறு கதை சொல்லிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளை வீட்டார் படிக்காத ஜனங்கள், மூடநம்பிக்கை பிடித்தவர்கள், நல்லவேளையாகப் பெண்ணைத் தான் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னார். அதைக் கேட்டுத் தலையாட்டவும் ஆள் இருந்தது. கொஞ்ச நாளில் அவர் மறுபடியும் கடைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, “க்ளூமி” என்றார். அப்பா அவருக்கு டீ வரவழைத்தார். நான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது டி.வி.யில் மேகப் படம் காட்டி எங்கே எப்போது மழை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். என் ஆபீசில் பிரிவுபசார விருந்துக்கு வந்த ஒரு அழைப்பில் போன மாதம் அந்த வரியை மறுபடி பார்த்தேன். மொட்டை மாடியில் விருந்து, அதனால் போட்டிருந்தார்கள். எழுதிய பையன் நல்ல பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு அந்த விருந்தில் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வார்த்தைக்கு டிக்‌ஷனரியில் என்ன போட்டிருந்தாலும் சரி, நான் அதைக் கற்றுக்கொண்டது பெரிய மாமாவிடம். வர மனசில்லாதவன் வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்வது. எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான், அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அவள் வேலை பார்த்த கூட்டுறவு சொசைட்டியில் கூட வேலை பார்த்தவர், நேராக அவளிடமே கேட்டுவிட்டு அப்புறம்தான் அப்பாவிடம் வந்தார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். பத்திரிகையே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பாவும் அம்மாவும் வீடு வீடாகப் போய் வாயால் அழைத்தார்கள். பெரிய மாமாவை மட்டும் அழைக்கக் கூடாது என்பது நானும் அக்காவும் சொன்ன ஒரே நிபந்தனை. அம்மா தலையாட்டினாள். அப்புறம் எங்களுக்குத் தெரியாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வராமல் பெண்ணை எப்படி அனுப்புவது என்ற கவலை அவளுக்கு.

அதுவும் ஐப்பசிதான். விடிகாலையிலிருந்து மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. “தாய்மாமன் யாருப்பா, மாலை எடுத்தாங்க” என்று ஐயர் குரல் கொடுத்த நேரத்தில் பெரிய மாமா உள்ளே வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். ஒரு கையில் சீர்த்தட்டு, தோளில் ரோஜா மாலை. மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

“என்னா மழ, என்னா மழ!” என்றார். “ஆட்டோக்காரன் பாதி வழியிலயே எறக்கி வுட்டுட்டான். டெரிபிள் வெதர். ஆனாலும் பாரு, வந்துட்டேன்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை. யாராவது பாராட்டுவார்கள் என்று நாலு பக்கமும் பார்த்தார். இந்த ஒரு மழையில் நனைந்ததோடு அந்தத் தூறலின் கணக்கு தீர்ந்துவிட்டது என்று அவர் நினைத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. மாலையைத் தோளிலிருந்து எடுத்து அக்காவைப் பார்த்து நடந்தார். அக்கா கை காட்டி அவரை நிறுத்தினாள்.

“ஈரத்தோட நிக்காதீங்க மாமா. இப்படி முன்னால ஒக்காருங்க.” பிறகு என்னைப் பார்த்து, “மாமாவுக்குத் துண்டு குடுடி, காபி குடு” என்றாள். அப்புறம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள். “அம்மா, நீ வா. நம்ம மாலைய எடுத்து நீ போடு.”

அம்மா பதறிப் போனாள். “நானா? பொம்பள போடற வழக்கம் இல்லியேடி. அதான் மாமா வந்துட்டாரே.”

“அன்னிக்கு நடை சாத்துற வரைக்கும் எங்கூட நின்னது நீதானம்மா. வா, வந்து போடு.”

அம்மா தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவரைவிட்டுக் கண்ணை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா வந்து, அக்கா கழுத்தில் மாலை போட்டாள். கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பெரிய மாமா முன்வரிசை நாற்காலியில், கொண்டுவந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையிலிருந்து தண்ணீர் அவர் வேட்டி வழியாகத் தரையில் சொட்டியது. மேளம் கொட்டியது, தாலி ஏறியது, அவர் அட்சதை போட்டாரா என்று நான் பார்க்கவில்லை. நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் பாதி அவளால், மீதி அந்த முன்வரிசை நாற்காலியால். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

பந்தியில் அவரை உட்காரவைத்து நானே பரிமாறினேன். எதிலும் குறை வைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் அதே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, வெளியே என்ன நடக்கிறது என்று உள்ளே கேட்கவில்லை. நான் அந்தப் பக்கமாகப் போனபோது கூப்பிட்டார்.

“மழ வுட்டுச்சா பாருடி.”

வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஊற்றிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த டீக்கடைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. திரும்பி வந்தேன்.

“வுட்டுடுச்சு மாமா. நீங்க கெளம்பலாம்.”

அவர் சீர்த்தட்டையும் மாலையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மழையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வழியைவிட்டு நகர்ந்து நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி நடந்தார்.